படத்தொகுப்பு கற்பித்தலும் தமிழ்ச் சொற்றொடரின் இறுதியும்

மொழியியலும் மொழிபெயர்ப்பும் பயிலும் மாணவர்க்குப் படத்தொகுப்பின் அடிப்படைகளை ஏன் கற்பிக்க வேண்டும் என்னும் வினா சில துறைகளில் இன்றும் எழுப்பப்படுகிறது. களப்பணியில் ஒலிநாடாவின் இடத்தை ஒளிப்பதிவுக் கருவி பிடித்துக்கொண்டு நெடுநாளாயிற்று. பத்தாயிரம் பேருக்கும் குறைவானோர் பேசும் இந்திய மொழிகளை ஆவணப்படுத்தும் திட்டம் 2013இல் மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. அதன் பின்னர் இத்துறைக்கு வரும் இளைஞர்கள் பலரும் ஒலிவாங்கியைப் பொருத்தவும் வெளிச்சம் பார்க்கவும் தகவலாளியின் இசைவு பெறவும் பயிற்சி பெறுகின்றனர். பதிவு செய்ததை வெட்டி ஒட்டும் வேலைக்கு வரும்போது மட்டும், அது தொழில்நுட்பருடைய வேலை என்று ஒதுங்கிவிடுகின்றனர். இந்த ஒதுக்கம் சரியன்று என்பதும், தமிழ்ப் பேச்சை எங்கே வெட்டலாம் என்பது கருவி பற்றிய வினாவாவதற்கு முன்பே இலக்கணம் பற்றிய வினாவாகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

இக்கருத்து நூல்களைப் படித்துத் தோன்றியதன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் இக்கட்டுரையாளரிடம் பயின்ற மாணவர் குழு ஒன்று, மூலிகை அறிந்த ஒரு மூதாட்டியிடம் ஏறத்தாழ 40 நிமிடம் உரையாடிப் பதிவு செய்தது. அதனை ஐந்து நிமிடப் படமாகச் சுருக்கித் தருவது பயிற்சி. உரையாடலில் ஓரிடத்தில் அவர், "பாம்பு கடிச்சா இந்த வேரே போதும்னு எங்க பாட்டி சொல்லும். எம் பிள்ளையக் கடிச்சப்ப நான் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு ஓடுனேன்" என்று கூறியிருந்தார். மாணவர்கள் 'போதும்' என்பதோடு வெட்டிவிட்டு, அடுத்து அவ்வேரின் அண்மைக்காட்சியை வைத்தனர். படம் அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் திரையிடப்பட்டது. மூதாட்டி எழுந்து, "நான் இப்படிச் சொல்லலையே" என்றார். அவர் முகமும் அவர் குரலும் அப்போதுதான் திரையில் அதைச் சொல்லி முடித்திருந்தன. கூட்டத்தினர் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை.

மாணவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. நீளம் குறைக்கவேண்டும் என்ற ஒரே கவலைதான். ஆயினும் விளைவு சிறியதன்று. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று 2020இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிடுகிறது. அத்தகைய நாட்டில், மருத்துவமனைக்கு ஓடிய ஒருவரை வேரே போதும் என்று சொல்பவராக மாற்றியது ஒரு '-ன்னு'வின் நீக்கம்.

தொகுப்பு என்னும் சொல்

படத்தொகுப்பைக் கற்பிக்கத் தொடங்கும்போது கருவியைத் திறப்பதற்கு முன் இச்சொல்லிலேயே சிறிது நேரம் தங்குவது பயன் தரும். திரைப்படத் தொழிலில் 'எடிட்டிங்' என்றும், பெயர் வரிசை இடும்போது 'படத்தொகுப்பு' என்றும் இரண்டும் வழங்குகின்றன. கூடத்தில் புழங்கும் 'கட்' என்னும் சொல் பிரிப்பதைச் சுட்டும். 'தொகுப்பு' சேர்ப்பதைச் சுட்டும். இரண்டும் ஒரே செயலின் இரு முகங்கள் என்பதை மாணவர் உடனே உணர்வர்.

தமிழ் இலக்கணம் பயின்ற மாணவர்க்கு இச்சொல் இன்னும் ஒன்றைத் தருகிறது. இலக்கணத்தில் தொகை என்பது வேற்றுமை உருபு முதலியன மறைந்து நிற்கச் சொற்கள் சேர்ந்து வருவது. உருபு தொக்கு நிற்றலால் தொகையாயிற்று என்பாரும், சொற்கள் பிளவுபடாது ஒன்றுபட்டு நிற்றலால் தொகையாயிற்று என்பாரும் ஆக இரு திறத்தார் உண்டு என்று உரையாசிரியர் குறிப்பர். இரண்டு காட்சித்துண்டுகளை அடுத்தடுத்து வைக்கும்போது நிகழ்வது இதுவே. முதல் துண்டில் ஒரு முதியவர் வாயில் நோக்கிப் பார்க்கிறார். அடுத்த துண்டில் வெறிச்சோடிய ஒரு தெரு. 'இதனால்', 'இதற்காக', 'இதனை' என்னும் உருபு எதுவும் திரையில் இல்லை. பார்ப்பவர் அதனை நிரப்பிக்கொள்கிறார்.

1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாஸ்கோவில் குலெஷோவ் செய்து பார்த்ததாகக் கூறப்படும் சோதனை யாவரும் அறிந்தது. நடிகர் மொஸ்ஜூகினின் உணர்ச்சியற்ற ஒரே முகத்தைத் தட்டில் வைத்த உணவோடும் சவப்பெட்டியோடும் வேறொரு காட்சியோடும் தனித்தனியே இணைத்துக் காட்டியபோது, பார்த்தவர்கள் அம்முகத்தில் பசியையும் துயரத்தையும் கண்டார்களாம். இதனை வகுப்பில் செய்து பார்க்க ஒரு கைப்பேசியே போதும். ஒரு மாணவரின் அமைதியான முகத்தை ஐந்து நொடி பதிவு செய்து, அதன் பின் ஒரு தேநீர்க் குவளை, ஒரு தேர்வு முடிவுத் தாள், ஒரு காலி நாற்காலி ஆகியவற்றைத் தனித்தனியே இணைத்து, பார்ப்பவர்களை ஒவ்வோர் இணைப்பையும் ஒரு வாக்கியமாக விரித்து எழுதச் சொல்லவேண்டும். எழுதப்படும் வாக்கியங்கள் ஒன்றுபோல் இரா. அவ்வேறுபாடே பாடம். தொகை இரண்டு முதல் ஏழு வரை பொருள்பட்டு மயங்கும் என்று நன்னூலார் கூறுவதை நினைவூட்டினால், காட்சி இணைப்பின் மயக்கமும் அதனை நீக்கும் வழியும் மாணவர்க்குப் புதிதாகத் தோன்றா.

இந்த ஒப்புமையை நெடுந்தொலைவு இழுத்துச் செல்லலாகாது. காட்சித்துண்டைச் சொல்லோடு ஒப்பிடும் ஆசை 1920களிலிருந்தே உண்டு. ஐசன்ஸ்டைன் 1929இல் எழுதிய கட்டுரையில் சீன, சப்பானியப் பட எழுத்துகள் இரண்டு சேர்ந்து மூன்றாவதொரு பொருள் தருவதைக் காட்சி இணைப்போடு ஒப்பிட்டார். 1964இல் கிறித்தியான் மெட்சு இதனை மறுத்து, திரைப்படத்திற்குச் சொற்களஞ்சியமோ இரட்டைக் கட்டமைப்போ இல்லை என்றும், மிகச் சிறிய காட்சித்துண்டுகூடச் சொல்லாகாது, ஒரு கூற்றுக்கு நிகராகும் என்றும் காட்டினார். மெட்சு கூறியதே பொருந்துவதாகத் தோன்றுகிறது. ஆயினும் கற்பித்தலுக்கு ஒப்புமை வேண்டும். மாணவர் ஏற்கெனவே கைக்கொண்டிருக்கும் இலக்கணத்தை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தேடவேண்டிய தேவையில்லை.

கருவியும் வேலை முறையும்

கருவி பற்றி இங்கு அதிகம் கூற வேண்டுவதில்லை. கேடன்லைவ் முழுவதும் இலவசம். டாவின்சி ரிசால்வுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. எதில் பயின்றாலும் அடிப்படை ஒன்றே. பதிவுகளை உள்ளே கொணர்தல், ஒவ்வொன்றிலும் தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் குறித்தல், குறித்த பகுதிகளை டைம்லைன் எனப்படும் காலக்கோட்டில் வரிசைப்படுத்துதல், ஒளிக்கும் ஒலிக்கும் தனித்தனித் தடங்கள் வைத்துக்கொள்ளுதல் என்னும் இவையே எங்கும் உள்ளவை. இதனை ஒரு பிற்பகலில் கற்றுவிடலாம்.

கற்பிக்க நாளெடுப்பது இதற்கு முந்திய ஒழுங்குதான். மூலப்பதிவை இரண்டு தனித்தனி இடங்களில் படியெடுத்து வைக்காமல் தொகுப்பைத் தொடங்கலாகாது. ஒலியைத் தனிக் கருவியில் பதிந்திருந்தால், பதிவின் தொடக்கத்தில் கைதட்டியிருக்க வேண்டும். கைகள் சேரும் சட்டகத்தையும் ஒலி அலையில் எழும் கூர்முனையையும் பொருத்தினால் இரண்டும் இணையும். இவற்றைச் சொன்னால் மாணவர் தலையசைப்பர். ஒருமுறை கோப்பு தொலைந்த பின்னரே செய்வர்.

மொழி மாணவர்க்கு ஏனையோரைவிட ஒரு வசதி உண்டு. அவர்களுக்குப் பேச்சை எழுத்தாக்கத் தெரியும். எனவே 40 நிமிட உரையாடலை முதலில் நேரக்குறிப்புடன் எழுதிக்கொண்டு, தாளிலேயே வேண்டும் பகுதிகளைக் கோடிட்டு வரிசைப்படுத்தி, அதன் பின்னரே காலக்கோட்டுக்குச் செல்லும் முறையை இவர்கட்குக் கற்பிக்கலாம். நிமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கிய ஈலான் என்னும் மென்பொருளில் குறிப்பெழுதப் பழகியவர்க்கு இது கைவந்த வேலை.

இந்த வசதியிலேயே ஓர் இடரும் உண்டு. எழுத்தாக்குபவர் பேச்சைத் தம்மையறியாமல் திருத்தி எழுதுகிறார். மூதாட்டியின் 'போதும்னு' என்பதை மாணவர் 'போதும் என்று' எனத் தாளில் எழுதியிருந்தார். இரண்டு சொற்களாகிவிட்ட பின் இடையே கோடிடுவது எளிதாகிவிட்டது. பேச்சில் அது பிரிக்கவியலாத ஒரு சொல். பேசியபடியே எழுதியிருந்தால், சொல்லின் நடுவில் வெட்டுகிறோம் என்பதாவது அவர் கண்ணில் பட்டிருக்கும்.

சொற்றொடரின் இறுதி

மாணவர்கள் ஏன் 'போதும்' என்பதில் வெட்டினார்கள் என்று கேட்டபோது, தாங்கள் கேட்டறிந்த ஒரு விதியைக் கூறினர். காட்சிக்குள் தாமதமாக நுழையவேண்டும், முன்னதாக வெளியேறவேண்டும் என்பது அது. திரைக்கதை எழுதுவோரும் தொகுப்பாளரும் பல நாடுகளில் சொல்லிவரும் நல்ல விதி. அது காட்சிக்குரியது. மாணவர்கள் அதனை வாக்கியத்திற்கு ஏற்றிவிட்டனர்.

ஆங்கிலத்தில் அப்படி ஏற்றினாலும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். அம்மொழியில் 'என் பாட்டி சொல்வாள்' என்பது பொதுவாக முன்னே வரும். எதிர்மறையும் வினைக்கு முன்னே வந்துவிடும். வாலை அறுத்தாலும் பேசுபவருடைய நிலைப்பாடு தலையில் தங்கியிருக்கும். இந்தி வினைமுற்றை இறுதியில் கொண்ட மொழியாயினும், அதிலும் 'அவர் சொன்னார்' என்பது முன்னே வர, 'கி' என்னும் இணைப்புச் சொல்லுக்குப் பின்னரே சொன்ன செய்தி வருவது இயல்பான அமைப்பு. தமிழில் செய்தி முதலில், அது யாருடையது என்பது பின்னர். மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் மேற்கோள் இடைச்சொல் செய்திக்குப் பின்னரே வருகிறது. ஆகவே இங்குக் கூறப்படுவது தமிழுக்கு மட்டும் உரியதன்று. திராவிட மொழி எதனைத் தொகுப்பவர்க்கும் உரியது.

தமிழில் கூற்றின் பொறுப்பை ஏற்கும் உறுப்புகள் யாவும் இறுதியில் வரிசை கட்டி நிற்கின்றன. "அவரு பணம் வாங்குனாராம்" என்பதில் இறுதி '-ஆம்' நீங்கினால் கேள்விப்பட்ட செய்தி குற்றச்சாட்டாகிறது. "வந்தாரா" என்பதில் '-ஆ' நீங்கினால் வினா விடையாகிறது. "இந்தத் தண்ணிய நாங்க குடிக்கிறோம்னா நெனைக்கிறீங்க?" என்று சினந்து கேட்டவர், நடுவில் வெட்டப்பட்டால் அத்தண்ணீரைக் குடிப்பதாக ஒப்புக்கொண்டவராகிறார். "நாளைக்கே சரியாயிடும்னு நான் சொல்லமாட்டேன்" என்ற மருத்துவர் வாக்குறுதி தந்தவராகிறார். ஒவ்வொன்றிலும் நீக்கப்பட்டது ஒரு நொடிக்கும் குறைவானது அல்லது அதற்குச் சற்று மேற்பட்டது. எஞ்சியதில் பேசியவர் பேசாத சொல் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் இது பொய்யென்று மெய்ப்பிக்கக் கடினமாகிறது.

இதனை முதல் வாரத்திலேயே பயிற்சியாகத் தரலாம். மாணவர் ஒருவர் '-ஆம்', '-ன்னு', '-ஆ', '-ஓ', 'இல்ல', 'மாட்டேன்', 'போல' ஆகியவற்றில் முடியும் பத்து வாக்கியங்களைத் தம் சொந்த வட்டார வழக்கில் பேசிப் பதிவு செய்யட்டும். மற்றொருவர் அவற்றின் பொருள் தலைகீழாகுமாறு வெட்டட்டும். வெட்டியதைக் கேட்ட பேச்சாளரின் முகமே போதிய விளக்கமாகும். இதனைச் செய்தவர் பின்னர் முடிவுப் புள்ளியைக் குறிக்கும்போது வினைமுற்றோடு நில்லாமல் அதன் பின் ஒட்டி வருவதையும் கேட்டுவிட்டே கை வைப்பர்.

வெட்டு நடந்ததைக் காது கண்டுபிடிக்குமா என்பது ஒலியியலார்க்குச் சுவையான வினா. பேச்சுத்தமிழின் பெரும்பாலான வழக்குகளில் சொல்லிறுதி மகரம் தனித்து ஒலிப்பதில்லை; முன்னுள்ள உயிர் மூக்கினச் சாயல் பெற்று முடிகிறது. 'போதும்' என்று தனியே சொல்லும்போது இதழ்கள் சேர்வதில்லை. 'போதும்னு' என்பதிலோ மகரம் முழுமையாக ஒலிக்கிறது. எனவே நடுவில் வெட்டப்பட்ட 'போதும்' இதழ் மூடிய மகரத்தோடு நிற்கும். அம்மூதாட்டியின் பேச்சை மீண்டும் கேட்டபோது அந்த மகரம் தெளிவாகவே இருந்தது. ஆனால் இடம் தெரிந்த பின்னரே அது செவியில் பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இடைச்செருகல்

வேரின் அண்மைக்காட்சி எதற்காக அங்கு வைக்கப்பட்டது? ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் பதிவில் நடுவே சிறிது வெட்டி எடுத்தால், தலை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் தாவும். இதனைத் தாவல் வெட்டு எனலாம். 1960இல் கொடார் தம் 'பிரெத்லெஸ்' படத்தில் இதனை மறைக்காமல் பயன்படுத்தினார். அதற்கு முன்னர் அது பிழையென்றே பொதுவாகக் கருதப்பட்டது. மறைக்க விரும்புவோர் தாவும் இடத்தின் மேல் வேறொரு காட்சியைப் போர்த்துவர்: பேசுபவரின் கைகள், எதிரில் இருப்பவரின் முகம், பேசப்படும் பொருள். பேச்சொலி அடியில் இடையறாது செல்வதுபோல் ஓடும். தொகுப்பறையில் இதற்குக் 'கட்டவே' என்று பெயர்.

மாணவர் ஒருவர் இதனை 'இடைச்செருகல்' என்று மொழிபெயர்த்தார். மூலபாட ஆய்வாளர்கள் இச்சொல்லை எந்தப் பொருளில் ஆள்கிறார்கள் என்பதை அவர் எண்ணியிருக்கமாட்டார். ஆயினும் இதைவிடப் பொருத்தமான கலைச்சொல் கிடைத்தல் அரிது. மூலத்தில் இடைவெளி விழுந்த இடத்தில், விழுந்தது தெரியாமல் வந்து அமர்வது என்பதைச் சொல்லே எச்சரித்துவிடுகிறது.

இங்கே பதிப்பு மரபு நமக்குக் கைகொடுக்கிறது. ஆங்கிலத்தில் நூலைப் பதிப்பிப்பவர்க்கும் படத்தைத் தொகுப்பவர்க்கும் ஒரே பெயர். தமிழில் பதிப்பாசிரியர் வேறு, தொகுப்பாளர் வேறு. பெயர் வேறானதால் முன்னவரின் ஒழுக்கம் பின்னவர்க்கு வந்து சேரவில்லையோ என்று ஐயுற இடமுண்டு. உ.வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாட வேறுபாடுகளைக் குறித்து வைத்தார். அதனால் அவர் கொண்ட பாடத்தை ஏற்காதவரும் பிற பாடத்தைக் காணமுடிகிறது. ஆவணப் படத்திற்கும் இது இயலாததன்று. தொகுப்பு மென்பொருள்கள் பலவும் வெட்டுப் பட்டியல் ஒன்றைக் கோப்பாகத் தரவல்லவை. மூலப்பதிவின் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை எடுக்கப்பட்டது என்னும் விவரம் அதில் வரிசையாக இருக்கும். அப்பட்டியலை மூலப்பதிவோடு சேர்த்துக் காப்பகத்தில் வைத்துவிட்டால், ஐம்பது ஆண்டு கழித்து வரும் ஆய்வாளர் எது விடப்பட்டது என்பதைத் தேடிக் காணலாம். இதற்கு ஆகும் கூடுதல் உழைப்பு ஐந்து நிமிடம்.

ஒலியும் மாத்திரையும்

இந்தியத் தொலைக்காட்சி முறையில் ஒரு நொடிக்கு 25 சட்டகங்கள். ஒரு சட்டகம் 40 மில்லி நொடி. திரைப்படத்தில் 24. படத்தை இதைவிடச் சிறிதாக வெட்ட இயலாது. வல்லின மெய்யின் வெடிப்பொலியோ இந்த 40 மில்லி நொடிக்குள் பிறந்து மறைந்துவிடுவது. ஆகவே சட்டக எல்லையில் ஒலியை வெட்டும் மாணவர் சொல்லின் முதல் வெடிப்பை இழந்துவிடுவதுண்டு. பல மென்பொருள்களில் ஒலியை மட்டும் சட்டகத்தைவிட நுண்ணிய அளவில் நகர்த்தலாம். அதனைத் தொடக்கத்திலேயே காட்டிவிடவேண்டும்.

சொல்லிறுதியில் அடிக்கடி பலியாவது குற்றியலுகரம். அரை மாத்திரையே உடைய அது ஒலி அலையில் மெலிந்த கோடாகத் தெரிகிறது. கண்ணால் பார்த்து வெட்டுபவர் அதனை வெறும் இரைச்சல் எனக் கருதி நீக்கிவிடுகிறார். கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டால் இப்பிழை நேராது. அமைதியான இடங்களைத் தானே கண்டறிந்து நீக்கும் வசதி இப்போது பரவலாகக் கிடைக்கிறது. இரட்டித்த வல்லினத்தில் நாவோ இதழோ அடைபட்டிருக்கும் நேரத்தில் ஒலி ஏதும் வருவதில்லை. நீக்கத்திற்குரிய அளவை மிகக் குறைத்து வைத்தால், 'பட்டு', 'பத்து', 'அப்பா' ஆகியவற்றின் உள்ளே இருக்கும் அமைதியையும் கருவி இடைவெளி என்று கொள்ளும். அந்த அமைதியின் நீளமே அச்சொற்களின் உயிர் என்பது கருவிக்குத் தெரியாது.

வாய்மொழிக் கதை சொல்வோர் நடுவில் விடும் இடைவெளிகளும் 'வந்து', 'அப்பறம்' போன்ற நிரப்பிகளும் வேறு வகை. பொதுமக்களுக்கான படத்தில் இவற்றில் சிலவற்றைக் குறைப்பதில் குற்றமில்லை. ஆய்வுத்தரவாக வைக்கும் படியில் ஒன்றைக்கூடத் தொடலாகாது. இரண்டு படிகள் வேண்டும் என்பதே இதற்கு விடை.

ஒலியைப் படத்திற்கு முன்னரே தொடங்குவதும், படம் மாறிய பின்னும் முந்திய ஒலியை நீட்டுவதும் தொகுப்பின் தொடக்கப் பாடங்களே. அடுத்து வருபவரின் குரல் முன்னதாகக் கேட்டு, பின் அவர் முகம் தோன்றினால் வெட்டு உறுத்துவதில்லை. பதிவு முடிந்த பின் அதே இடத்தில் எல்லாரும் பேசாமலிருந்து அரை நிமிடம் ஒலியைப் பதிந்து கொள்ளவேண்டும். அவ்விடத்தின் காற்றும் காகமும் மின்விசிறியும் சேர்ந்த அந்த ஒலி, வெட்டுகளுக்கு இடையே விழும் வெற்றிடத்தை நிரப்பப் பயன்படும்.

தொல்காப்பியர் கண்ணிமைப் பொழுதையும் கைந்நொடிப் பொழுதையும் மாத்திரைக்கு அளவாகக் கொண்டார். அமெரிக்கத் தொகுப்பாளர் வால்டர் மர்ச், 1995இல் வெளிவந்த தம் நூலுக்குக் கண்ணிமைப்பையே பெயராக்கினார். 1974இல் வெளியான 'தி கான்வர்சேஷன்' படத்தைத் தொகுத்தபோது, தாம் வெட்ட எண்ணிய இடத்திற்கு அருகிலேயே நடிகர் இமைப்பதை அவர் கண்டாராம். ஓர் எண்ணம் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தில் மனிதர் இமைக்கின்றனர் என்பது அவர் கொள்கை. நல்ல வெட்டுக்கு வேண்டியவற்றுள் உணர்ச்சிக்கு 51 விழுக்காடும் கதைக்கு 23 விழுக்காடும் அவர் ஒதுக்கினார். புனைகதைப் படத்திற்கு அது பொருந்தலாம். மெய்யான ஒருவரின் பேச்சைத் தொகுக்கும்போது பொருள் திரியாமை என்னும் ஒன்றை அப்பட்டியலின் முதலில் சேர்க்கவேண்டியிருக்கும். அந்தப் படத்தின் கதையே, மறைவாகப் பதிவு செய்யப்பட்ட ஒரு வாக்கியத்தில் அழுத்தம் எச்சொல்லில் விழுகிறது என்பதைத் தவறாகக் கேட்டுவிட்ட ஒலிப்பதிவாளரின் கதை. மொழியியல் மாணவர் அனைவரும் பார்க்கவேண்டிய படம் அது.

துணைத்தலைப்பு

மொழிபெயர்ப்பாளர் தொகுப்பறைக்குள் நுழைவது பெரும்பாலும் 'சப்டைட்டில்' எனப்படும் துணைத்தலைப்பின் வழியாக. தமிழில் இறுதியில் வருவது ஆங்கிலத்தில் முன்னே வந்துவிடுவதால் இங்கே சிக்கல் தலைகீழாகிறது. "அந்தச் சாவிய எங்கிட்டக் குடுத்தது யாரு தெரியுமா, எம் மாமியார்" என்று ஒருவர் நிறுத்தி நிறுத்திச் சொல்லும்போது, ஆங்கில வரி மாமியாரை முதல் நொடியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். தொகுப்பாளர் 'மாமியார்' என்ற சொல்லில் கேட்பவரின் வியந்த முகத்திற்கு வெட்டியிருந்தால், ஆங்கிலம் படிப்பவர்க்கு அம்முகம் காலந்தாழ்ந்து வியக்கும். வரியை இரண்டாகப் பிரித்து, இரண்டாவதை வெட்டோடு சேர்த்துத் தோன்றச் செய்வதே வழி. இதனைத் தொகுப்பு அறியாத மொழிபெயர்ப்பாளர் செய்யமாட்டார். அவர் கைக்கு வருவது பெரும்பாலும் எழுத்துப் படி மட்டுமே.

தமிழிலேயே துணைத்தலைப்பு இடும்போது வேறொரு தொல்லை. ஒரு வரிக்கு இத்தனை எழுத்து என்று மென்பொருளில் வரம்பு வைக்கப்படுகிறது. ஆங்கிலத்திற்கு 42 என்பது பரவலான வழக்கம். 'தொகுப்பு' என்னும் சொல் நமக்கு நான்கெழுத்து. ஒருங்குறிக் குறியீடுகளாக எண்ணும் மென்பொருளுக்கு அது எட்டு. எனவே பாதி வரியிலேயே நீளம் மிகுந்துவிட்டது என்று எச்சரிக்கை வரும். வரம்பை மாற்றி அமைக்கத் தெரியாத மாணவர் வாக்கியத்தைக் குறைக்கத் தொடங்குவார். அவர் முதலில் குறைப்பது, பொருளுக்கு இன்றியமையாதது அன்று என்று அவர் எண்ணும் 'என்று சொல்வார்கள்' என்பதைத்தான்.

மூதாட்டியின் படம் மறுபடியும் தொகுக்கப்பட்டது. பாட்டி சொன்னதும் அவர் ஓடியதும் ஆகிய இரண்டு வாக்கியங்களும் இடையறாமல், முகம் திரையில் இருக்க, முழுமையாக வைக்கப்பட்டன. ஐந்து நிமிட வரம்புக்குள் அடங்க வேண்டியிருந்ததால் வேரின் அண்மைக்காட்சியை எடுக்கவேண்டியதாயிற்று. காலை வெயிலில், மண் உதிர, அழகாகவே எடுக்கப்பட்டிருந்தது அது. எடுத்த மாணவர் அதற்காக இன்றும் வருந்துகிறார்.